நம்பர் பார்த்துப் போட்ட பிளக்

மோட்டார் சைக்கிளுக்குச் சரியான ஸ்பார்க் பிளக்கைத் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வண்டி வாங்கும்போது கொடுக்கிற சிறு புத்தகத்தில் நம்பர் போட்டிருக்கும். அதையே வாங்கி மாட்டினால் போதும். நான் அதைப் பெரிய வித்தை ஆக்கினேன். அதனால் ஒருவனுக்கு வலது முழங்கால் மடங்காமல் போயிற்று. இன்னொருவருக்குப் பெயர் கெட்டுத் தொழில் போயிற்று. முழங்கால் போனது ஊருக்கே தெரியும். தொழில் போனவர் மேல் ஒரு தவறும் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பும் தவறாகத்தான் இருந்தது.

நான் தெற்கத்திக்காரன். கடற்கரையோரம் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை கிடைத்து வந்தவன். உலோகங்கள் எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று கணக்குப் போடுவது என் வேலை. மனைவி செங்கல்பட்டுக்காரி. சனிக்கிழமை மதியம் குடியிருப்பிலிருந்து அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமியார் வீட்டுக்குப் போவது வழக்கம். அந்த வீட்டில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. எந்தக் கல்லூரியில் சேரலாம், எந்த டாக்டரிடம் போகலாம், டி.வி. எந்தக் கம்பெனி வாங்கலாம், எதுவானாலும் "மாமாவக் கேட்டுக்கலாம்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் என்னவெல்லாம் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வண்டி இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். குடியிருப்புக்குள் மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் பிளக் கறுத்து எண்ணெய் பிசுபிசுக்கும், காலையில் உதைத்து உதைத்துக் கால் வலிக்கும். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஒரு மெக்கானிக் இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். மனைவியின் தம்பி, அதாவது என் மைத்துனன், அவரிடம்தான் எல்லா வண்டியையும் விடுவான். அவனால்தான் நானும் அங்கே போனேன்.

அவர் வேலை செய்கிற விதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிளக்கில் பொறித்திருக்கும் நம்பரை அவர் பார்த்து நான் கண்டதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் முழு வேகத்தில் போவார். போகிற போக்கில் இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்தபடி ஓரமாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார். அங்கேயே பிளக்கைக் கழற்றி அதன் மூக்கில் இருக்கும் வெள்ளைப் பீங்கானைப் பார்ப்பார். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. கறுத்திருந்தால் சூடு போதவில்லை. வெளுத்திருந்தால் சூடு அதிகம், ஆபத்து. அவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம்.

நான் அலுவலக நூலகத்திலிருந்து ஒரு கையேட்டின் பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போனேன். பிளக்குகளில் 'ஹாட்' என்றும் 'கோல்ட்' என்றும் வகை உண்டு. சூட்டைத் தன்னிடமே தேக்கி வைத்துக்கொள்வது ஹாட் பிளக், சீக்கிரம் இன்ஜினுக்கு இறக்கிவிடுவது கோல்ட் பிளக். மெதுவாக ஓட்டுகிறவனுக்கு முதலாவதும், வேகமாக நெடுந்தூரம் ஓட்டுகிறவனுக்கு இரண்டாவதும் நல்லது. நம்பர் ஏற ஏற பிளக் கோல்ட் ஆகும் என்று அந்தக் கையேட்டில் அட்டவணை போட்டிருந்தது. அதை விரித்து, எனக்கு ஒரு நம்பர் குறைவாகப் போடலாமே என்று அவரிடம் விளக்கினேன்.

"இந்தப் பேப்பர வச்சிகினு நான் இன்னா சார் பண்றது? ஆயில கொஞ்சம் கொறச்சி ஊத்துங்க. பிளக்கு அதுவே சரியா பூடும்."

அங்கே தன் வண்டிக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரர் சொன்னார்: "அண்ணாத்த, சார் உனுக்குப் பரீட்ச வச்சிகினு கீறாரு. பாத்து எழுது."

"நான் அஞ்சாங்கிளாஸ்லயே அத்த வுட்டு ஓடியாந்தவன்டா."

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மைத்துனனும் சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் சொன்னபடி ஆயிலைக் குறைத்தேன், பிளக் பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு அலுவலகக் கடனில் கார் வந்தது. வண்டியை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கேயும் தெற்கேயும் கடலோரம் இருந்த இறால் குஞ்சுப் பண்ணைகளுக்குத் தீவனம் விற்கும் வேலை. பின்னால் இரண்டு பெட்டி தீவன டப்பாக்களைக் கட்டிக்கொண்டு தினமும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவான். சாலை புதிதாக வழுவழுவென்று இருந்தது. இருபத்தாறு வயது. யார் சொன்னாலும் ஆக்சிலரேட்டரை முறுக்கத்தான் செய்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புக்குச் சாப்பிட வந்தான். சாப்பிடும்போது சொன்னான்: "வண்டி வெயில்ல போவ சொல்லோ 'டக டக'ன்னு ஒரு சத்தம் குடுக்குது மாமா. அண்ணாத்த பிளக்கப் பாத்தாரு. வெளுத்துகினு வருதாம். கோல்டு பிளக்கு மெட்ராஸ் ஜி.பி. ரோட்லதான் கெடைக்குமாம். வர்ற வாரம் வாங்கியாந்து போடறேன், அதுவரைக்கும் மெதுவா போன்னு சொல்லிகிறாரு."

"இதுக்குப் போய் மெட்ராஸா?" என்றேன்.

"அவரு அப்டித்தான். அவரு சொன்னா கரெக்டா இருக்கும்."

அவரு சொன்னா. என் வீட்டில், என் இலையில் சாப்பிட்டுக்கொண்டு. இப்படியெல்லாம் அப்போது நினைத்தேன் என்பதை இன்று எழுதவே கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

உண்மையில் அதற்கு முந்தைய நாளே என்னிடம் ஒரு பிளக் இருந்தது. வண்டி சத்தம் கொடுக்கிறது என்று மனைவி முந்தின வாரமே சொல்லியிருந்தாள். சனிக்கிழமை செங்கல்பட்டில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர், "எந்த வண்டிக்கு சார்?" என்று கேட்டார்.

"வண்டி வேண்டாம், நம்பர் சொல்றேன், அதைக் குடுங்க."

"அந்தக் கம்பெனில இப்ப ஸ்டாக் இல்ல சார். வேற கம்பெனி தரட்டா? வண்டி பேர் சொன்னா பாத்துத் தருவேன்."

"நம்பர் இருந்தால் போதும்" என்று சொல்லி, வழக்கமானதைவிட இரண்டு நம்பர் கூடுதலான பிளக்கை நானே பெட்டியிலிருந்து பொறுக்கி எடுத்தேன். நம்பர் கூடினால் கோல்ட் ஆகும். என் கையேடு அப்படித்தானே சொன்னது.

ஞாயிறு மதியம் மைத்துனன் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாயில் தூங்கினான். மனைவி பிள்ளைகளோடு அடுத்த பிளாக்குக்குப் போயிருந்தாள். நான் கீழே இறங்கி, பிளக் ஸ்பேனரால் மெக்கானிக் போட்டிருந்ததைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். என்னுடையதை மாட்டினேன். அவனை எழுப்பிச் சொல்லவில்லை. ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்து, "இப்ப சூப்பரா போவுது மாமா" என்று அவனே சொல்ல வேண்டும், அப்போது காரணத்தைச் சொல்ல வேண்டும், செங்கல்பட்டுக் கொட்டகையிலும் அது தெரிய வேண்டும். இதுதான் திட்டம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் திருவிடந்தை தாண்டி இன்ஜின் இறுகிப் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. தீவனப் பெட்டிகள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கல்யாணம் கூட வேண்டித் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு வந்து மாலையோடு வலம் வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் அவனைத் தங்கள் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அந்த மாதம் அவனுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை வந்து பார்த்தார்கள். பிறகு வரவில்லை.

நண்பர்கள் வண்டியை வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார்கள். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்து, உருகின அலுமினியம் சிலிண்டரில் அப்பியிருந்தது. அந்தப் பட்டறைக்காரர் பிளக்கைப் பார்த்துவிட்டு, "யாரு இந்த வண்டிக்கு இத்தப் போட்டது? இது ரொம்ப ஹாட் பிளக்காச்சே" என்றாராம்.

அதை மனைவி என்னிடம் சொன்ன அன்று மாலையே அந்த உதிரிபாகக் கடைக்குப் போனேன். ஏதோ ஒரு பல்பு வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே போனபோது சுவரைப் பார்த்தேன். ஒரு கம்பெனியின் எந்த நம்பருக்கு இன்னொரு கம்பெனியின் எந்த நம்பர் சமம் என்று ஓர் அட்டவணை ஆணியில் தொங்கியது. அதன் மேல் காலண்டர் மாட்டியிருந்தார்கள். காலண்டரை ஒதுக்கிவிட்டுப் படித்தேன். நான் வாங்கிய கம்பெனியில் கணக்குத் தலைகீழ். நம்பர் ஏற ஏற ஹாட். சூடு தாங்காமல் பிளக் வெளுத்துக்கொண்டிருந்த இன்ஜினில் அதைவிடச் சூடான பிளக்கை நான் மாட்டியிருந்தேன். பல்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இதுவரை நடந்தது முட்டாள்தனம். அதற்கு மன்னிப்பு உண்டு. அடுத்த நாள் நடந்ததற்கு இல்லை.

அடுத்த நாள் மெக்கானிக் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய சாத்துக்குடி. மைத்துனனின் காலை எடை கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். மனைவியும் மாமியாரும் பக்கத்தில். நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்த அந்த பிளக்கை மைத்துனன் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். எடுத்து நீட்டினான்.

"இன்னா அண்ணாத்த இது?"

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நான் போட்டது இல்லப்பா. இந்தக் கம்பெனி பிளக்கு என் ஷெட்டுக்குள்ள வந்ததே கெடையாது."

"அப்ப தானா மொளச்சிதா? உன்ன வுட்டா என் வண்டில எவன் கைய வச்சான்?"

அவர் பிளக்கை இன்னொரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க சார். ஞாயித்துக்கெழம உங்க வூட்டாண்டதானே வண்டி நின்னுச்சு. நீங்க சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவைக் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன். "அவன் வண்டிய உங்கிட்டதானே விடுவான்."

அவர் அவனிடம் ஏதோ விளக்கிச் சொல்வதற்காகக் கட்டில் பக்கம் குனிந்தார். மைத்துனன் படுத்தபடியே கையை வீசி அவர் கன்னத்தில் அறைந்தான். வார்டில் இருந்த மற்றவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அவர் கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. பிளக்கைப் பக்கத்து இரும்பு அலமாரி மேல் வைத்தார். "ஒடம்பப் பாத்துக்கோ" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சாத்துக்குடிப் பை அங்கேயே இருந்தது. மறுநாள் அதைப் பிழிந்து அவனுக்குக் கொடுத்தோம். மிஞ்சியதை நான் குடித்தேன்.

அந்த இன்னொரு பட்டறைக்காரர் ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கம்பியில் கோத்துத் தன் கடை வாசலில் தொங்கவிட்டார். இது யார் கைவரிசை என்று வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். மைத்துனனின் நண்பர்கள் சொல்லவே வேண்டாம். ஏரிக்கரைக் கொட்டகையில் முதலில் வண்டிகள் குறைந்தன. அப்புறம் ஆட்டோக்காரர் ஒருவர் மட்டும் வந்துகொண்டிருந்தார். இரண்டாவது மழைக்காலத்தில் தகரத்தைப் பிரித்துவிட்டார்கள். சனிக்கிழமைகளில் காரில் அந்த வழியாகப் போகும்போது இதையெல்லாம் படிப்படியாகப் பார்த்தேன். பார்க்காமல் போக வேறு வழியும் இருந்தது. ஏனோ அந்த வழியாகவே போனேன்.

சொல்லியிருக்க எனக்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. மைத்துனன் ஊன்றுகோலோடு வீடு திரும்பிய அன்று சொல்லியிருக்கலாம். வேலை போய், நான் கையெழுத்துப் போட்டு வங்கிக் கடன் ஏற்பாடு செய்ய அவன் செராக்ஸ் கடை வைத்தானே, அன்று சொல்லியிருக்கலாம். அன்று அவன் எல்லோர் முன்பும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். மடங்காத காலை நீட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து, கஷ்டப்பட்டுக் குனிந்து. நான் "நல்லா இரு" என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் போனேன். மனசாட்சி என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். அலுவலகம் இருந்தவரை பகலில் யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன, பிறகு இல்லை. செங்கல்பட்டு ஸ்டாண்டில் அந்தப் பழைய ஆட்டோக்காரரைக் கண்டுபிடித்து விசாரித்தேன். மெக்கானிக் கருங்குழியில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம், யாரோ ஒருவருடைய பஞ்சர் கடையில் கூலிக்கு இருக்கிறார் என்றார்.

பஸ்ஸில் போனேன். லாரி டயர் ஒன்றைக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தார். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"அந்த பிளக்கை நான்தான் மாட்டினேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். நெம்புவதை நிறுத்தவில்லை.

"எப்ப தெரியும்?"

"ஆஸ்பத்திரில கைல வாங்கனதுமே. நம்பரு பாத்து பிளக்கு மாட்டற ஆளு செங்கல்பட்டுலயே நீ ஒருத்தன்தான்." முன்பெல்லாம் 'நீங்க' என்பவர்.

"அப்புறம் ஏன் அங்கேயே சொல்லலை?"

"சொன்னேனே. நீங்க சொல்லுங்க சார்னு சொன்னேனே, காதுல வுழலியா? அதுக்கு மேல எப்டி சொல்றது? கால் ஒடஞ்சி படுத்துகினு கீறவனாண்ட, உங்க அக்கா வூட்டுக்காரன்தான்டா பண்ணான்னு சொல்லணுமா? அவன் அக்கா வேற பக்கத்துல நிக்குது."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். டயர் விளிம்பை விட்டு வெளியே வந்தது. அதைத் தரையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"என்னாண்ட சொல்லிட்டா உனுக்கு எறங்கிடும். எனுக்கு இன்னா எறங்கும்? அட்ச்சவன் அங்க கீறான். என்னப் பத்தி அவன்தானே ஊரு பூரா பேசனான். போயி அவனாண்ட சொல்லு." பிறகு, உள்ளே போகத் திரும்பியவர், நின்று கேட்டார்: "அந்தப் பட்டறக்காரன் பிஸ்டன இன்னும் மாட்டி வச்சிகினு கீறானா?"

"இப்ப இல்லை" என்றேன். இருந்ததா இல்லையா என்று எனக்கு உண்மையில் தெரியாது.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் கடத்தினேன். இதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கூட்டமில்லாத நேரம் பார்த்து, செராக்ஸ் கடைக்குப் போய்ச் சொன்னேன். மைத்துனன் ஏதோ பத்திரம் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். மெஷினை அணைத்தான். முழுவதையும் கேட்டான்.

"நான் தூங்கிகினு இருந்தேனா?"

"ஆமாம்."

"எழுப்பி ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமே மாமா. போட்டேன்னு சொல்லி இருந்தா, அண்ணாத்தயாண்ட ஒரு தடவ காட்டிட்டுப் போயிருப்பனே."

அவன் காலைப் பற்றி ஏதாவது சொல்வான், கத்துவான், அடித்தாலும் அடிப்பான் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். காலைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை.

"அந்த ஆள நான் அறைஞ்சேன்" என்றான். "என்னப் பாக்க பழம் வாங்கிகினு வந்த ஆள. நீங்க பாத்துகினு நின்னீங்க."

"ஆமாம்."

"எங்க கீறாரு?"

சொன்னேன். அன்றே ஷட்டரை இறக்கினான். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீங்க வர வேணாம்" என்றான். அது என்னிடம் அவன் கடைசியாகப் பேசியது. ஒரு காலை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனதைப் பார்த்தேன். கருங்குழியில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். அவளிடமும் அன்று இரவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "அம்மா இருக்கறப்பவே சொல்லி இருக்கலாம்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

போன தையில் மைத்துனன் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அழைக்க வந்தான். எங்கள் கூடத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தட்டில் பூவும் பழமும் பத்திரிகையும் வைத்து அக்காவிடம் நீட்டினான். அழைக்கிற யாரும் "ரெண்டு பேரும் வந்துடுங்க" என்றுதான் சொல்வார்கள். சண்டைக்காரனிடம்கூட வாய் தவறியாவது அப்படித்தான் வரும். அவன், "அக்கா, நீ வந்துடு" என்றான். தண்ணீர் கூடக் குடிக்காமல் படியிறங்கினான். அந்தக் காலுக்கு எங்கள் மாடிப்படி கஷ்டம். ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனைவி போய்விட்டு மாலையில் வந்தாள். புடவை மாற்றிக்கொண்டே சொன்னாள், முதல் பந்தியில் அந்த மெக்கானிக்கைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து அவன் சாப்பிட்டானாம். வந்தவர்கள் எல்லோருக்கும், "இவரு எங்க அண்ணன் மாதிரி" என்று சொன்னானாம். புது வீட்டின் கீழே முன்பக்கம் ஒரு கடை கட்டி ஷட்டர் போட்டிருக்கிறான், அதில் அவர் திரும்பவும் பட்டறை வைக்கப் போகிறார், அதற்கும் சேர்த்துத்தான் பூஜை.

"என்னை யாராவது கேட்டாங்களா?" என்றேன்.

"இல்ல" என்றாள். விளக்கேற்றப் போனாள்.